பழைய சுமோவும் டீசல் கணக்கும்

பி.எஸ்சி. இயற்பியல், மூன்றாம் ஆண்டு

யானையைக் கட்டித் தீனி போடுவது எளிதன்று என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். யானை வைத்திருப்போர் இன்று அரிது. ஆயினும் யானையை ஒத்த பழைய வண்டிகளை வைத்திருப்போர் நம் திருச்சியில் தெருவுக்கு ஒருவராவது உண்டு. கே.கே. நகரில் மாலை வேளையில் நடந்து சென்றால், மரத்தடிகளில் சுமோ, குவாலிஸ், பொலிரோ ஆகியவை தூசி படிந்து நிற்பதைக் காணலாம். அவற்றுள் பல ஓடக்கூடிய வண்டிகளே. எடுத்தால் டீசல் கட்டுப்படியாகாது என்பதால் வீட்டுக்காரர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு இரு சக்கர வண்டியில் போய்விடுகிறார். அப்படி நிற்கும் வண்டிக்கு உண்மையில் எவ்வளவு டீசல் தேவை, எவ்வளவு வீணாகிறது, அவ்வீணை வீட்டிலிருந்தபடியே எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எங்கள் வீட்டிலும் 2003ஆம் ஆண்டு வாங்கிய டாட்டா சுமோ ஒன்று இருக்கிறது. தாத்தா, பாட்டி, சித்தப்பா குடும்பம் என நாங்கள் ஒன்பது பேர். மணப்பாறைக்கு அப்பால் உள்ள ஊருக்கு மாதம் சில முறை எல்லோருமாகப் போய்வருவது வழக்கம். முழங்கால் வலியுள்ள பாட்டி பேருந்துப் படி ஏறமாட்டார். சென்ற ஆண்டு அப்பா, “மாசம் ஏழாயிரம் ரூபா டீசலுக்கே போகுதுடா, தை மாசத்துக்குள்ள இதை வித்துடலாம்” என்று முடிவு கட்டிவிட்டார். பழைய இரும்பு விலைக்கே கேட்டார்கள். விற்கும் முன் கணக்குப் பார்த்துவிடலாம் என்று நான்கு மாத அவகாசம் கேட்டேன். அம்மாதங்களில் நான் அளந்தவையும், வகுப்பில் படித்தவற்றை அவற்றோடு பொருத்திப் பார்த்தவையும் கீழே வருகின்றன.

சுமோவைப் பற்றி ஒரு வார்த்தை. 1994இல் டெல்கோ நிறுவனம் இதை வெளியிட்டது. மல்யுத்த வீரரின் பெயர் என்று பலரும் நினைப்பர். அந்நிறுவனத்தை நெடுங்காலம் வழிநடத்திய சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலும் குடும்பப் பெயரிலும் உள்ள முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. 2003இல் டெல்கோ, டாட்டா மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. 2019இல் சுமோவின் உற்பத்தி நின்றது. எங்களுடையதில் இருப்பது ஏறத்தாழ இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள பழைய வகை டீசல் எஞ்சின். டர்போ இல்லை, கணினி இல்லை. இதைக் குறை என்று எண்ணவேண்டாம். கணினி இல்லாத எஞ்சினில் எது கெட்டாலும் கண்ணாலும் காதாலும் கையாலும் கண்டுபிடிக்கலாம்.

முதலில் அளவு. “என் வண்டி பன்னிரண்டு கொடுக்குது” என்று சொல்வோரில் பெரும்பாலோர் அளந்து சொல்வதில்லை. டீசல் முள்ளைப் பார்த்து மதிப்பிட்டுச் சொல்கிறார்கள். முள்ளை நம்பி ஒரு சோதனையும் செய்ய முடியாது. தொட்டியை நிரப்பி, குழாய் தானாக நிற்கும் இடத்தில் நிறுத்தி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறைந்தது 300 கிலோமீட்டர் ஓடியபின் அதே பங்க்கில், அதே குழாயில், வண்டியை அதே வாக்கில் நிறுத்தி மீண்டும் தானாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை. தரை சற்றே சாய்ந்திருந்தாலும் தொட்டியில் காற்று தங்கி ஓரிரு லிட்டர் மாறிவிடும் என்பதால்தான் அதே இடம் என்று வற்புறுத்துகிறேன். வண்டியின் கிலோமீட்டர் கணக்கே சரிதானா என்பதையும் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலைக் கல்களில் பத்தை எண்ணி ஒப்பிட்டேன். எங்கள் மீட்டர் பத்துக்கு 10.2 காட்டியது. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும், சக்கரம் அதிகம் சுற்றும், மீட்டர் கூட்டிச் சொல்லும். இத்திருத்தத்தையும் செய்தபின் கிடைத்த முதல் அளவு லிட்டருக்கு 9.4 கிலோமீட்டர்.

இந்த எண்ணைப் பார்க்கும் முறையிலேயே ஒரு சூட்சுமம் உண்டு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நாம் பேசுகிறோம். ஐரோப்பியர் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பேசுகிறார்கள். பணப்பையை அறிய இரண்டாவதே பொருத்தம். 9.4 தரும் வண்டி 100 கிலோமீட்டருக்கு 10.6 லிட்டர் குடிக்கிறது. அதை 11.6 ஆக உயர்த்தினால் 8.6 லிட்டர், சேமிப்பு 2 லிட்டர். ஏற்கெனவே 18 தரும் சிறு காரை அதே 2.2 உயர்த்தி 20.2 ஆக்கினாலோ, சேமிப்பு 0.6 லிட்டர்தான். ஆகவே முயற்சிக்கு மிகுந்த பலன் தருவது பெரும்பசி கொண்ட பழைய வண்டியே. புது வண்டிக்காரர் மைலேஜைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருக்க, பழைய வண்டிக்காரர் கைவிட்டுவிடுவது எனக்கு விந்தையாகவே படுகிறது.

இனி, அந்த டீசல் எங்கே போகிறது? ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 3.6 கோடி ஜூல் ஆற்றல் உள்ளது. ஆட்களோடு எங்கள் வண்டியின் எடையை 2,000 கிலோ என்று கொள்வோம். டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதால் எழும் தடை, எடையில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. அதாவது 294 நியூட்டன். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. சுமோவின் முகம் அலமாரியின் முகம். அதன் பரப்பை 2.6 சதுர மீட்டர் என்றும் இழுவைக் குணகத்தை 0.5 என்றும் வைத்துக் கணக்கிட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் 217 நியூட்டன், 80இல் 385, 100இல் 602. உருளும் தடையையும் கூட்டினால் 60இல் 511, 80இல் 679, 100இல் 896 நியூட்டன் ஆகிறது. 80இலிருந்து 60க்கு இறங்கினால் வண்டியை இழுக்கும் வேலையில் கால் பங்கு குறைகிறது! மணப்பாறை எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 80இல் சென்றால் அரைமணி, 60இல் சென்றால் நாற்பது நிமிடம். பத்து நிமிடத்துக்குக் கொடுக்கும் விலை அது.

வேகத்தைக் குறைத்தால் எண்ணெய் மிஞ்சும் என்பதை உலகம் ஒருமுறை அரசியல் வழியாகவே கற்றுக்கொண்டது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தபோது, பீப்பாய்க்கு மூன்று டாலர் அளவில் இருந்த விலை சில மாதங்களில் பன்னிரண்டை நெருங்கியது. 1974இல் அமெரிக்கா தன் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 55 மைலுக்கு மேல் (சுமார் 88 கிலோமீட்டர்) போகக்கூடாது என்று சட்டம் போட்டது. அச்சட்டம் 1995 வரை நின்றது. நம் நாட்டில் 1978இல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. மணிக்கு 45 முதல் 55 வரையிலான வேகமே சிக்கனமானது என்று அது பல்லாண்டுகளாக அறிவுறுத்தி வருகிறது. டீசல் விலையை அரசு தாங்கிப் பிடித்த காலமும் 2014 அக்டோபரோடு முடிந்தது. 2017 சூன் முதல் விலை நாள்தோறும் திருத்தத்துக்கு உட்பட்டது. நம் கணக்கின் எளிமைக்காக லிட்டர் 92 ரூபாய் என்று கொள்வோம்.

மேற்சொன்ன 511 நியூட்டனை ஒரு கிலோமீட்டர் தூரம் இழுக்கத் தேவை 5.1 லட்சம் ஜூல். வண்டி 9.4 கொடுக்கும்போது ஒரு கிலோமீட்டருக்கு எரிப்பதோ 38 லட்சம் ஜூல். ஏழில் ஒரு பங்குகூடச் சாலைக்கு வந்து சேரவில்லை. மீதியில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. அதை எந்த மெக்கானிக்கும் முற்றாகத் தடுக்க முடியாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி வழிமறிக்கும். ஆனால் இன்னொரு பங்கு பிரேக்கில் போகிறது, அதை ஓட்டுநரால் தடுக்க முடியும்.

50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 2,000 கிலோ வண்டியின் இயக்க ஆற்றல் 1.93 லட்சம் ஜூல். பிரேக் மிதித்து நிறுத்தினால் அவ்வளவும் டிரம்மிலும் டிஸ்க்கிலும் சூடாகிக் காற்றில் கலக்கும். மீண்டும் அதே வேகத்துக்கு வர, எஞ்சின் கால் பங்குத் திறனில் வேலை செய்கிறது என்று கொண்டால், ஏறத்தாழ 21 மில்லி டீசல் வேண்டும். விலை இரண்டு ரூபாய்! கே.கே. நகரிலிருந்து மன்னார்புரம், காந்தி மார்க்கெட் வழியே சத்திரம் பேருந்து நிலையம் போய்ச் சேரும் முன் எத்தனை முறை பிரேக் மிதிக்கிறோம் என்று ஒருநாள் எண்ணினேன். வேகம் எடுத்து, உடனே முழுதாக நின்ற தடவைகள் மட்டும் பதினேழு. தொலைவில் சிவப்பு விளக்கைக் கண்டதுமே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வண்டியை உருளவிட்டால் அவற்றில் பாதிக்கு மேல் தேவைப்படவே இல்லை. பின்னால் வரும் நகரப் பேருந்து ஒலிப்பானை அலறவிடும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இங்கே ஒரு தவறான பழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிஞ்சும் என்று பலரும் நம்புகின்றனர். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். பம்ப்பிலுள்ள கவர்னர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் தன்னைத் தானே சுழற்றிக்கொள்ள டீசல் குடிக்கும். எஞ்சினின் பிடிப்பும் போய்விடும். எஞ்சினை அணைத்தே இறக்குவோரும் உண்டு. பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

காசில்லாமல் செய்யக்கூடியவற்றை முதல் மாதத்தில் செய்தோம். கூரை மேலிருந்த இரும்புக் கேரியர் எட்டு ஆண்டுகளாக வெறுமனே காற்றைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி மாடியில் போட்டோம். கூரையில் பெரிய பெட்டி வைத்தால் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 விழுக்காடு வரை எரிபொருள் வீணாகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. வெறும் கேரியருக்கு இழப்பு அவ்வளவு இராது. ஆனால் அது தினமும் நடக்கும் இழப்பு. பின்சீட்டுக்கு அடியில் பழைய பேட்டரி, சங்கிலி, அரை மூட்டைச் சிமெண்டு என எழுபது கிலோ கிடந்தது. டயர் காற்று, கதவோரச் சீட்டில் அச்சிட்ட அளவைவிட எட்டு பிஎஸ்ஐ குறைவு. நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 விழுக்காடு மைலேஜ் போகும் என்பது அதே துறையின் கணக்கு, பெரிய தொகையன்று. எனினும் டயரின் ஆயுளுக்காகவும் காற்று அவசியம். வண்டி ஓடிச் சூடாகும் முன், காலையில் அளக்க வேண்டும். இவற்றோடு 60க்கு மேல் போவதில்லை என்று அப்பாவிடம் உறுதி வாங்கிக்கொண்டேன். அடுத்த அளவு 10.5 வந்தது.

இரண்டாம் கட்டம் எஞ்சின். இதில்தான் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. பதினைந்து கிலோமீட்டர் ஓடிய பிறகும் வெப்பம் காட்டும் முள் கால் பங்கைத் தாண்டவில்லை. வண்டி சூடாகவே இல்லை என்று அப்பா மகிழ்ந்திருந்தார். எனக்கு அது ஐயத்தைத் தந்தது. டீசல் எஞ்சின் நன்றாக எரிய 80 டிகிரிக்கு மேல் நீர் சூடாக இருக்க வேண்டும். அதற்கென்றே தெர்மோஸ்டாட் என்னும் சிறு வால்வு உண்டு. அதனுள் இருக்கும் மெழுகு, வெப்பத்தில் உருகி விரியும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழி மூடியிருக்கும். எங்கள் மெக்கானிக் அண்ணன் குழாயைக் கழற்றிப் பார்த்தார். அவ்விடம் வெறுமையாக இருந்தது.

“யாரோ எடுத்துவிட்டிருக்காங்க தம்பி. திருச்சி வெயிலுக்கு எஞ்சின் சூடேறும்னு பயந்து பல பேர் இதைத்தான் பண்றாங்க” என்றார் அவர்.

முன்னொரு காலத்தில் வேறொரு பட்டறையில் செய்த வேலை அது. வால்வை எடுத்துவிட்டால் நீர் எப்போதும் ரேடியேட்டர் வழியே ஓடும். எஞ்சின் சரியான வெப்பத்தை அடையவே அடையாது. எண்ணெய் கெட்டியாக இருக்கும், உராய்வு கூடும், சிலிண்டர் சுவர் குளிர்ந்திருப்பதால் டீசல் முழுதும் எரியாது. அருகில் உள்ள கடைக்கும் கோயிலுக்கும் என்று குறுந்தூரம் ஓடும் வண்டிக்கு இழப்பு இன்னும் அதிகம். சூடேறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பையும் விசிறிப் பெல்ட்டையும் பார்க்க வேண்டுமே தவிர, வால்வைத் தூக்கி எறிவது மருந்தாகாது. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் இன்றே தங்கள் முள்ளைப் பார்க்கவும். புது வால்வின் விலை சில நூறு ரூபாய்தான்.

காற்று வடிகட்டியைத் தட்டியபோது மண் கொட்டியது. பெட்ரோல் வண்டியிலும், கணினி உள்ள டீசல் வண்டியிலும், உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப எரிபொருள் அளந்து விடப்படுகிறது. எங்களுடையதைப் போன்ற பழைய டீசலில் காற்று எவ்வளவு வந்தாலும், பெடலை மிதித்த அளவுக்கு டீசல் பீய்ச்சப்படும். காற்று குறைந்தால் மிகுதி டீசல் கரியாகிக் கரும்புகையாக வெளியேறும். மேடேறும்போது பின்னால் கரும்புகை வந்தால், புகையாகப் போவது நம் பணம் என்று கொள்க. அடுத்த ஐயம் நாசில். டீசல் பனிபோலச் சிதறி எரிய வேண்டும். நாசில் தேய்ந்தால் நீர்க்குழாய்போல் ஒழுகும். டீசல் பம்ப் பட்டறையில் கைப்பம்ப் கொண்ட சோதனைக் கருவி இருக்கும்; நம் கண்முன்னே அடித்துக் காட்டுவார்கள். எங்கள் நான்கில் இரண்டு ஒழுகின. அவற்றை மாற்றி, அழுத்தத்தைச் சரிசெய்து, பம்ப் டைமிங்கையும் பார்க்கக் கூலியோடு 3,400 ரூபாய் ஆயிற்று.

பிரேக் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு செலவில்லாத வழி உண்டு. பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கர மையங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோக வேண்டும். ஒன்று மட்டும் அனல் வீசினால் அதுவே திருடன். எங்களுக்குப் பின்பக்க இடச் சக்கரம்; ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்துத் திரும்பாமல் நின்றிருந்தது. எல்லாச் செலவும் சேர்த்து 5,200 ரூபாய். அதன்பின் இரண்டு முறை அளந்ததில் 11.5, 11.7 என்று வந்தது. சராசரி 11.6.

காந்தம், மாத்திரை, டீசலில் கலக்கும் மருந்து என விற்பனைக்கு வருபவை குறித்துப் பலரும் கேட்டனர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சோதித்திருக்கிறது. சிறிதளவேனும் பயன் தந்தவை மிகச் சில. டீசல் குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டுவதில் என் பேராசிரியருக்கும் எனக்கும் ஒரே கருத்துதான்: டீசல் காந்தத்தால் கவரப்படும் பொருளன்று.

இப்போது வீட்டுக் கணக்கு. மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். முன்பு 74.5 லிட்டர், 6,850 ரூபாய். இப்போது 60.3 லிட்டர், ஏறத்தாழ 5,550 ரூபாய். மாதம் 1,300 ரூபாய் மிச்சம். பட்டறைச் செலவு நான்கு மாதத்தில் திரும்பிவிடும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும் என்பதால், மாதம் 38 கிலோ அளவுக்கு அதுவும் குறைந்தது. 18 தரும் சிறு கார் வாங்கியிருந்தால் டீசல் 39 லிட்டரே ஆகியிருக்கும் என்று சித்தப்பா வாதிட்டார். அவர் கணக்கு சரி. ஆனால் ஒன்பது பேர் ஊருக்குப் போக அது இரண்டு நடை போகவேண்டும். ஊர்ப் பயணங்களில் மிச்சம் முழுதும் கரைந்துவிடும். காரின் விலைக்குத் தவணை வேறு. தாத்தா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “எட்டுப் பேர் காரில் போங்க, நான் பஸ்ஸில் வர்றேன்” என்றார். பேச்சு அதோடு நின்றது.

தை பிறந்தும் சுமோ விற்கப்படவில்லை. பதிவுச் சான்றை அடுத்து 2028இல் புதுப்பிக்க வேண்டும். அதுவரை வைத்திருப்பது என்று அப்பா சொல்லியிருக்கிறார். கிளட்ச் சற்று வழுக்குகிறது. மேட்டில் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறுவதில்லை. அதுவும் டீசலைத் தின்னும். பங்குனிக்குள் தட்டை மாற்றியபின் மறுபடி தொட்டியை நிரப்பி அளக்க வேண்டும்.